எக்கோப் பெட்டியை எங்கே செருகுவது?

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் ஆடி பிறந்துவிட்டால் ஒலிபெருக்கிக்காரருக்கு ஓய்வு கிடையாது. உடப்பு திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதி. ஓகஸ்ட்டில் கற்பிட்டித் தீபகற்பத்தில் தலவில புனித அன்னம்மாள் பெருவிழா. அதை ஒட்டியே சிலாபத்துக்குப் பக்கத்தில் முன்னேஸ்வரத் திருவிழா. இடையிடையே பள்ளிக்கூட விழா, கல்யாண வீடு, அரசியல் கூட்டம். மேடை எதுவானாலும் மைக்கைப் பிடிப்பவர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "தம்பி, கொஞ்சம் எக்கோ போடுங்க."

மிக்ஸருக்குள்ளேயே எக்கோ இருக்கிற காலம் இது. யமஹா எம்ஜி வரிசையில் சில மிக்ஸர்களிலும், பெஹ்ரிங்கர், சவுண்ட்கிராஃப்ட் சிறு மிக்ஸர்கள் பலவற்றிலும் அது கட்டியே வருகிறது. ஆனாலும் வெளிப்பெட்டி ஒழிந்துபோகவில்லை. பழைய மிக்ஸர் நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும், அதில் எக்கோ இருக்காது. அல்லது உள்ளே இருக்கிற எக்கோ தகரம் தட்டுவது போல இருக்கும். யாரோ ஒருவர் யமஹா எஸ்பிஎக்ஸ்90, அலேசிஸ் மைக்ரோவேர்ப், லெக்சிகன் எம்எக்ஸ்200 என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கையில் தருவார். பின்புறம் பார்த்தால் நாலைந்து ஓட்டைகள். மிக்ஸரின் பின்புறம் பார்த்தால் நாற்பது ஓட்டைகள். எதை எதில் செருகுவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வழி இரண்டு உண்டு. முதலாவது ஆக்ஸ் வழி. பாடகரின் குரல் தன்பாட்டில் ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருக்கும். அதன் பிரதி ஒன்று பெட்டிக்குப் போய், எக்கோவாக மட்டும் திரும்பி வந்து குரலோடு கலக்கும். இரண்டாவது இன்சர்ட் வழி. குரல் முழுவதுமே மிக்ஸரை விட்டு வெளியே போய், பெட்டிக்குள் புகுந்து, திரும்பி வந்தால்தான் ஸ்பீக்கரில் கேட்கும்.

எக்கோவுக்கு ஆக்ஸ் வழிதான். ஒரே பெட்டியைப் பத்து மைக்குகள் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பதைப் புத்தகங்கள் முதல் காரணமாகச் சொல்லும். அது சரிதான். ஆனால் நம் கரையில் அதைவிடப் பெரிய காரணம் ஜெனரேட்டர். விளக்கு வரிசையை ஒரேயடியாகப் போட்டதும் மின்னழுத்தம் ஒரு கணம் சரியும். மிக்ஸர் அதைத் தாங்கிவிடும். டிஜிட்டல் எக்கோப் பெட்டி தாங்காது; அணைந்து, மறுபடி எழுந்து, தன் பெயரைத் திரையில் காட்டி முடிக்கச் சில செக்கன்கள் எடுக்கும். ஆக்ஸ் வழியில் இருந்தால் அந்தச் சில செக்கன் எக்கோ மட்டும்தான் இல்லாமற்போகும், குரல் நிற்காது. இன்சர்ட் வழியில் இருந்தால், அணைந்தபோது தானாக வழிவிடும் வசதி இல்லாத பெட்டியானால், குரலே போய்விடும். தீக்குழியைச் சுற்றி ஆயிரம் பேர் நிற்கும்போது அறிவிப்பாளரின் மைக் செத்துப்போவது விளையாட்டல்ல.

இந்த ஆக்ஸ் வழி எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் மீதிப் பாதி தானாக விளங்கிவிடும். 1947இல் சிக்காகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர், தி ஹார்மோனிக்காட்ஸ் குழுவின் 'பெக் ஓ மை ஹார்ட்' பாட்டுக்கு எக்கோ வேண்டும் என்று ஸ்டுடியோவின் குளியலறையைப் பிடித்தார். அங்கே ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். மிக்ஸரிலிருந்து ஒரு வயர் ஸ்பீக்கருக்குப் போகும். இசை குளியலறைச் சுவர்களில் மோதிச் சுழலும். அந்தச் சுழற்சியை மைக் எடுத்துத் தனி வயரில் மிக்ஸருக்கே திருப்பி அனுப்பும். எவ்வளவு அனுப்புவது என்பதற்கு ஒரு திருகு, திரும்பி வந்ததை எவ்வளவு கலப்பது என்பதற்கு இன்னொரு திருகு. இவ்வளவுதான் சங்கதி. 1957இல் ஜெர்மனியின் ஈஎம்டி நிறுவனம் குளியலறைக்குப் பதிலாகச் சட்டத்தில் தொங்கவிட்ட பெரிய இரும்புத் தகடு ஒன்றைக் கொண்டுவந்தது. ஈஎம்டி 140 என்ற அதன் எடை ஏறக்குறைய 270 கிலோ. 1974இல் ரோலண்ட் ஆர்இ-201 வந்தது, சுழலும் நாடாவில் எக்கோ. 1976இல் அதே ஈஎம்டி அந்தச் சுழற்சியை, அதாவது ரிவேர்ப்பை, டிஜிட்டலாகக் கொண்டுவந்தது. எண்பதுகளின் நடுவில் யமஹா அதை ஒரு தட்டளவு பெட்டியாக்கி இசைக்குழுக்களின் கைக்கு எட்டவைத்தது. குளியலறை சுருங்கிப் பெட்டியானதே தவிர, போகிற வயரும் வருகிற வயரும் மாறவில்லை.

இனிப் பெட்டியைப் பூட்டுவோம். முதலில் எல்லா ஃபேடரையும் இறக்கி, பவர் அம்ப்பை அணைத்துவிடுங்கள். மிக்ஸரின் பின்புறத்தில் 'ஆக்ஸ் சென்ட்' அல்லது 'எஃபெக்ட்ஸ் சென்ட்' என்று அச்சிட்ட ஜாக் இருக்கும். அதிலிருந்து பெட்டியின் இடது உள்ளீட்டுக்கு ஒரு வயர். இடது என்பதன் பக்கத்தில் 'மோனோ' என்றும் பெரும்பாலும் எழுதியிருக்கும். வலதில் எதையும் செருகாவிட்டால் இடதில் வருவதையே பெட்டி இரண்டுக்கும் எடுத்துக்கொள்ளும். போகிற வயர் ஒன்றே போதும்.

வருகிற வயர் இரண்டு: பெட்டியின் இடது, வலது வெளியீடுகளிலிருந்து மிக்ஸருக்கு. இவற்றை எங்கே செருகுவது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. 'ஸ்டீரியோ ரிட்டர்ன்' என்று தனி ஜாக் இருந்தால் அதில் செருகலாம்; ஒரு சின்னத் திருகோடு கதை முடிந்தது. ஆனால் மிக்ஸரில் வெறுமனே கிடக்கும் ஸ்டீரியோ சனல் ஒன்று இருந்தால் அதில் செருகுவதையே நான் சொல்வேன். சனலில் செருகினால் எக்கோவுக்கு ஒரு ஃபேடர் கிடைக்கிறது, மியூட் பொத்தான் கிடைக்கிறது, ட்ரெபிள் பேஸ் குறைக்க முடிகிறது. பாட்டு முடிந்து பேச்சு தொடங்கும் கணத்தில் ஒரு விரலால் எக்கோவை நிறுத்தலாம். கரையோர மேடையில் இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

ஸ்டீரியோவாக வைத்திருப்பதால் பயன் உண்டா என்று கேட்டால், மேடைக்கு இருபக்கமும் ஸ்பீக்கர் அடுக்கினால் உண்டு. கம்பத்துக்குக் கம்பம் ஹோர்ன் கட்டிய வீதியில் இல்லை. ஹோர்ன் வரிசைக்குப் போவது ஒரே ஒலிதான். அங்கே இடது வெளியீடு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், ஒரு சனல் மிச்சம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சனலில் இரண்டு வகை ஓட்டை இருக்கும்: மூன்று முள் உள்ள மைக் உள்ளீடு, ஜாக் செருகும் லைன் உள்ளீடு. எக்கோ லைனில்தான் வர வேண்டும். மைக் உள்ளீட்டில் செருகினால் ஒலி அளவுக்கு மிஞ்சி உடையும். அதைவிட மோசமாக, கண்டென்சர் மைக்குக்காக 48 வோல்ட் ஃபேண்டம் போட்டிருந்தால் அது எக்கோப் பெட்டியின் வெளியீட்டுக்குள் ஏறும். சிறு மிக்ஸர்களில் பெரும்பாலும் ஃபேண்டமுக்கு எல்லா மைக்குக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச்தான். ஒரு மைக்குக்குப் போட்டது எல்லா மைக் உள்ளீட்டுக்கும் போகும். அதைத் தாங்கும் வெளியீடுகளும் உண்டு, எரிந்துபோகும் வெளியீடுகளும் உண்டு. எது எதுவென்று விழா நாளில் பரீட்சை பார்க்கத் தேவையில்லை.

வயர் பூட்டியாயிற்று. இனிப் பெட்டிக்குள்ளே ஒரு வேலை. 'மிக்ஸ்' என்றோ 'வெட், டிரை' என்றோ ஒரு திருகோ பக்கமோ இருக்கும். அதை முழுக்க வெட் பக்கம், நூற்றுக்கு நூறு, வைத்துவிடுங்கள். பெட்டியிலிருந்து எக்கோ மட்டும் வர வேண்டும், குரல் வரக் கூடாது. குரல்தான் ஏற்கெனவே மிக்ஸர் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறதே. இதை ஐம்பதில் விட்டுவிட்டால் என்ன ஆகும்? டிஜிட்டல் பெட்டி குரலை எண்ணாக்கி மறுபடி ஒலியாக்க ஓரிரு மில்லிசெக்கன் எடுக்கும். நேரே போன குரலும் ஒரு மில்லிசெக்கன் பிந்தி வந்த அதே குரலும் சேரும்போது 500 ஹேர்ட்ஸில் ஒன்றையொன்று அடிக்கும். பிறகு 1500இல், 2500இல், இப்படியே மேலே போகும். குரலில் சதை கழன்று எலும்பு மட்டும் மிஞ்சும். "சவுண்ட் சரியில்லை" என்று எல்லோரும் சொல்வார்கள்; ஏன் என்று யாருக்கும் பிடிபடாது. ட்ரெபிளைத் திருகி, பேஸைத் திருகி, கடைசியில் மைக்கைக் குறை சொல்வார்கள்.

அடுத்தது அளவு. மேடைக்கருவிகள் இரண்டு அளவில் பேசும். தொழில்முறைக் கருவிகளின் அளவு ப்ளஸ் 4 டிபியு, அதாவது ஏறக்குறைய 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகளின் அளவு மைனஸ் 10 டிபிவி, அதாவது 0.316 வோல்ட். ஒன்று மற்றதைப் போல நாலு மடங்கு. டெசிபலில் சொன்னால் 12க்குக் கிட்ட. பல பெட்டிகளின் பின்னால் இதற்கென்றே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். மிக்ஸருக்கும் பெட்டிக்கும் அளவு பொருந்தாவிட்டால் இரண்டில் ஒன்று: எக்கோ உடைந்து கரகரக்கும், அல்லது எக்கோவோடு சேர்ந்து மழை பெய்வது போல 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் வரும்.

சரியான அளவைக் காதால் தேடுவதைவிடக் கண்ணால் பிடிப்பது சுலபம். பாடகரை உச்சத்தில் பாடச் சொல்லுங்கள், சும்மா "ஹலோ, மைக் டெஸ்டிங்" வேண்டாம். சனலின் ஆக்ஸ் திருகு நடுவில், ஆக்ஸ் மாஸ்டர் பூச்சியக் கோட்டில். இப்போது பெட்டியின் உள்ளீட்டுத் திருகை ஏற்றிக்கொண்டே போய், சிவப்பு விளக்கு எட்டிப் பார்க்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து நன்றாகக் கொஞ்சம் இறக்குங்கள். டிஜிட்டல் பெட்டியில் சிவப்பு என்பது எச்சரிக்கையல்ல. உடைந்தாயிற்று என்று பொருள். அதன்பின் பெட்டியைத் தொட வேண்டாம். எக்கோ கூடவோ குறையவோ வேண்டுமானால் மிக்ஸரில் மட்டும் கை வையுங்கள்.

கித்தார்க்காரரின் மிதிபெட்டியை, அதாவது டிலே பெடலை, எக்கோவாகப் போடுகிற வழக்கமும் உண்டு. தவறில்லை, வேலை செய்யும். கித்தாரின் பலவீனமான ஒலிக்காகச் செய்தது அது. ஆக்ஸ் மாஸ்டரை நன்றாக இறக்கி வைத்துத் தொடங்க வேண்டும். அடப்டரையும் பார்க்க வேண்டும். பொஸ் போன்ற பெடல்களுக்கு 9 வோல்ட், நடு முனை மைனஸ். கடையில் கிடைக்கும் பொது அடப்டர் பலவற்றில் நடு முனை ப்ளஸ்.

மிக்ஸரிலேயே எக்கோ கட்டி வந்திருந்தால், வெளிப்பெட்டியைப் பூட்டியதும் உள் எக்கோவின் ஃபேடரை அடியோடு இறக்குங்கள். அனேக மிக்ஸர்களில் இரண்டும் ஒரே ஆக்ஸ் திருகில்தான் ஓடும். வெளிப்பெட்டி வந்ததும் உள்ளது தானாக ஒதுங்கும் என்று நம்பக் கூடாது. இரண்டு எக்கோ ஒன்றாகக் கேட்டால் பாட்டின் சொல் ஒன்றும் விளங்காது.

ஆக்ஸில் இரண்டு சாதி உண்டு. ஃபேடருக்கு முன்னால் பிரதி எடுப்பது ஒன்று, பின்னால் எடுப்பது ஒன்று. முன்னால் எடுப்பது மேடையிலிருக்கும் மொனிட்டருக்கு. பின்னால் எடுப்பது எக்கோவுக்கு. பின்னால் எடுத்தால் குரலை இறக்கும்போது எக்கோவும் சேர்ந்து இறங்கும். முன்னால் எடுக்கும் ஆக்ஸில் எக்கோவைப் போட்டுவிட்டால், பாடகரின் ஃபேடரை முழுக்க இறக்கிய பிறகும் அவருடைய எக்கோ மட்டும் எங்கோ கிணற்றுக்குள் பாடிக்கொண்டிருக்கும். ஆள் மேடையை விட்டு இறங்கி "தண்ணி இருக்கா?" என்று கேட்பது ஊர் முழுக்க எக்கோவோடு கேட்கும். சில மிக்ஸர்களில் இதை மாற்ற 'ப்ரீ' என்றொரு பொத்தான் இருக்கும். அது அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி இந்தத் தொழிலில் அதிகம் பேர் அடிபடும் இடம். எக்கோவைச் சாதாரண சனலில் எடுத்துக்கொண்டோம் அல்லவா? அந்தச் சனலிலும் மற்றச் சனல்களைப் போலவே ஆக்ஸ் திருகு இருக்கிறது. அதை யாராவது ஏற்றினால், எக்கோ தானே தன் பெட்டிக்குத் திரும்பிப் போகும். போனது திரும்பி வரும், வந்தது மறுபடி போகும். சில செக்கனில் ஊளை கிளம்பிக் கம்பத்து ஹோர்ன் எல்லாம் கத்தும். மைக் விசில் அடிக்கிறது என்று நினைத்து எல்லோரும் மைக்கை நோக்கி ஓடுவார்கள். மைக்கை அணைத்தாலும் நிற்காது, ஏனென்றால் வட்டம் மிக்ஸருக்கும் பெட்டிக்கும் நடுவில்தான். எக்கோச் சனலின் ஃபேடரை இறக்கினால் நிற்கும். எக்கோ வரும் சனலில் எக்கோ போகும் ஆக்ஸ் திருகை முழுக்க மூடி, அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். இருட்டில் தடவும்போது விரலுக்குத் தெரியும். பாடகருக்கு மொனிட்டரில் எக்கோ வேண்டுமானால் அதே சனலில் மொனிட்டர் ஆக்ஸை மட்டும் கொஞ்சம் ஏற்றலாம். அதிகம் வேண்டாம், மொனிட்டரில் ஏறிய எக்கோ மைக்குக்குள் புகுந்துவிடும்.

ஆக்ஸ் திருகு சனலுக்குச் சனல் வேறாக இருக்கலாம் என்பதே இந்த வழியின் அழகு. உடப்பில் கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாடல்கள் இப்போது மேடையிலும் ஏறுகின்றன. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். எடுத்துக் கொடுப்பவரின் சொல் தெளிவாக விழ வேண்டும்; அவருக்கு எக்கோ பேருக்கு மட்டும். ஏற்றுப் பாடுபவர்களுக்கு ஒன்றோ இரண்டோ மைக் இருக்கும், ஆளும் தள்ளி நிற்பார்; அங்கே ஆக்ஸைத் தாராளமாகத் திருகலாம். முன்னால் ஒருவர், பின்னால் கரை முழுக்க ஆட்கள் என்ற தூரம் அப்போதுதான் காதில் விழும். எல்லா மைக்குக்கும் ஒரே அளவு எக்கோ போட்டால் அந்தத் தூரம் செத்துப்போகும். வில்லுப்பாட்டிலும் இப்படித்தான். கதை சொல்பவருக்குக் குறைவு, பக்கப்பாட்டுக்குக் கூட, உடுக்குக்கு இல்லவே இல்லை.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று. கற்பிட்டியில் வெள்ளைக்காரர் பட்டம் கட்டிக் கடலில் சறுக்குவதும், மாம்புரிப் பக்கம் காற்றாலை சுழல்வதும் இந்தக் காற்றை நம்பித்தான். நம் திருவிழாக்களும் சரியாக இந்தக் காற்றுக்குள்தான் வந்து மாட்டுகின்றன. காற்று மைக்கில் மோதினால் 'டுப் டுப்' என்று கீழ்ச்சுருதி இரைச்சல் வரும். அது குரலோடு சேர்ந்து எக்கோப் பெட்டிக்கும் போகும். பெட்டி அதற்கும் இரண்டு செக்கன் வால் ஒட்டித் திருப்பி அனுப்பும். ஒரு மோதல் முடியுமுன் அடுத்தது. அடிவயிற்றில் உருளும் அந்த இரைச்சலைப் பலர் ஸ்பீக்கர் பழுது என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

மருந்து மூன்று. மைக்குக்கு ஒரு பஞ்சுத் தொப்பி. ஒவ்வொரு குரல் சனலிலும் 80 அல்லது 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தான் இருக்கும், அதை அமுக்குங்கள். அது ஆக்ஸுக்கு முன்னாலேயே இருப்பதால் பெட்டிக்குப் போகும் பிரதியிலிருந்தும் காற்றை வெட்டிவிடும். பிறகு எக்கோ திரும்பி வரும் சனலில் பேஸை நன்றாகக் குறையுங்கள். எக்கோவுக்குப் பேஸ் தேவையேயில்லை. குறைத்த பிறகு எக்கோவை இன்னும் கொஞ்சம் ஏற்றினாலும் பாட்டு குழம்பாது.

எவ்வளவு எக்கோ என்பதை இடம்தான் சொல்ல வேண்டும், பாடகர் அல்ல. உடப்புக் கடற்கரைத் திடலில் ஒலி மோதித் திரும்பச் சுவரே இல்லை; ஒருபக்கம் கடல், மறுபக்கம் களப்பு. அங்கே குரல் வறண்டு கேட்கும், ஆகவே பாட்டுக்கு ஒன்றரை, இரண்டு செக்கன் ரிவேர்ப் நியாயம். பெரிய தேவாலய மண்டபத்துக்குள் போனால் அந்த இரண்டு செக்கனைக் கட்டடமே கொடுத்துவிடும். அங்கே பெட்டியைத் திறப்பதே பிசகு. நான் பார்த்தவரை, உள்ளே எக்கோ போட்டுவிட்டு வெளியே போடாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

சொல் பிந்தித் திரும்பி வரும் டிலேயில் இன்னொரு கணக்கு. பாட்டின் தாளத்தோடு டிலே விழ வேண்டுமானால் 60,000ஐ நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதால் வகுங்கள். நிமிடத்துக்கு 120 அடி என்றால் 500 மில்லிசெக்கன். ஆனால் வீதி நெடுக ஹோர்ன் கட்டியிருந்தால் காற்றே ஒரு டிலேப் பெட்டி. 30 பாகை வெயிலில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் போகும். மேடையடியில் நிற்பவருக்கு 100 மீற்றருக்கு அப்பால் உள்ள ஹோர்னின் ஒலி கிட்டத்தட்ட 0.29 செக்கன் பிந்தி வரும். 175 மீற்றர் என்றால் அரைச் செக்கன். ஏற்கெனவே இப்படி இரட்டித்து மூன்றாகிக் கேட்கும் இடத்தில் பெட்டியாலும் டிலே கொடுத்தால் என்ன மிஞ்சும்? தலவில போன்ற கூட்டத்தில் "நீலச் சட்டை போட்ட பிள்ளை காணாமல் போய்விட்டது" என்ற அறிவிப்பு 'நீல, நீல, சட்டை, நீல' என்று கேட்டால் பிள்ளையை யார் கண்டுபிடிப்பது? அறிவிப்பு, மறையுரை, பிரசங்கம், பேச்சு எதற்கும் எக்கோ வேண்டாம். அறிவிப்பாளருக்கென்று தனிச் சனல் வைத்து, அதன் ஆக்ஸை ஒருநாளும் திறக்காமல் விட்டுவிடுங்கள். அவர் கேட்பார். கொடுக்க வேண்டாம்.

இன்சர்ட் வழியையும் சொல்லிவிட வேண்டும். கம்ப்ரெஸர், கேட், ஈக்வலைசர் போன்றவை குரலை முழுவதுமாகப் பிடித்துத் திருத்துபவை. அவற்றுக்கு இந்த வழிதான் பொருத்தம். சனலின் 'இன்சர்ட்' ஜாக் ஒரே ஓட்டைதான். போவதும் வருவதும் அதிலேயே. ஸ்டீரியோ ஜாக்கின் நுனி பெரும்பாலும் போகிற வழி, நடு வளையம் வருகிற வழி, உடல் எர்த். மறுமுனையில் இரண்டு மோனோ ஜாக்காகப் பிரியும் கவட்டை வயர் ஒன்று வேண்டும். நுனி வயர் கம்ப்ரெஸரின் உள்ளீட்டுக்கு, வளைய வயர் வெளியீட்டுக்கு. மாறினால் ஒன்றும் எரியாது, குரல் வராது, அவ்வளவுதான்.

பூட்டியதும் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல் வந்தால் அது எர்த் பிரச்சினை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்; இரைச்சலும் 50இலும் 100இலும்தான் கேட்கும். மிக்ஸர் ஒரு சுவரிலும் எக்கோப் பெட்டி இன்னொரு சுவரிலும் செருகியிருந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஒரு வட்டம் விழுந்து, அது ஒலி வயருக்குள் ஏறும். இரண்டையும் ஒரே பலகையில் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஒலியைப் பிரித்துத் தரும் ட்ரான்ஸ்ஃபோமர் பெட்டி ஒன்றை நடுவில் போடலாம். இதற்கு ஒரு கெட்ட வைத்தியமும் புழக்கத்தில் இருக்கிறது: ப்ளக்கின் எர்த் கம்பியை வெட்டிவிடுவது, அல்லது எர்த் முள் இல்லாத அடப்டரில் செருகுவது. இரைச்சல் போகும், உண்மைதான். ஆனால் ஈர மணலில் வெறுங்காலோடு நின்று இரும்பு மைக்கைப் பிடிப்பவர்கள் நம் மேடைக்காரர்கள். கோயில் விழாவில் செருப்புப் போட்டவர் யார்? ஏதாவது ஒரு கருவிக்குள் 230 வோல்ட் உடலைத் தொட்டால், அந்த எர்த் கம்பி இருந்திருந்தால் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கும். இல்லாவிட்டால் ஆள் விழுவார்.

எக்கோப் பெட்டியை மிக்ஸருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஒரு மீற்றர் வயர் போதும். மேடையில் வைத்து 30 மீற்றர் சாதாரண மோனோ வயர் இழுத்தால் அது ஒரு அன்டெனா. இரணவிலவில் அமெரிக்காவின் குரல் சிற்றலை நிலையம் இயங்கிய காலம் முடிந்துவிட்டது. இப்போது வயருக்குள் நுழைவது மேசையில் கிடக்கும் கைத்தொலைபேசியின் 'டிடிட் டிடிட்'தான். தூரமாகத்தான் வைக்க வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் பாலன்ஸ்ட் வயர்.

கடைசியாக உப்பு. உப்பளம் இருக்கிற ஊரில் காற்றிலேயே உப்பு. பித்தளை ஜாக்கில் பச்சை பூத்திருப்பது கண்ணுக்குத் தெரியும். தெரியாத இடம் இன்சர்ட் ஓட்டை. அதில் எதையும் செருகாதபோது குரல், உள்ளே இருக்கும் ஒரு சின்னச் சுருள்தகட்டைத் தொட்டுக்கொண்டுதான் கடந்து போகிறது. அந்தத் தகட்டில் உப்பு பூத்தால் சனல் கரகரக்கும், விட்டு விட்டுக் கேட்கும், ஒருநாள் ஒரேயடியாகச் செத்துப்போகும். சனல் பழுது என்று மிக்ஸரைத் திருத்தக் கொடுப்பதற்கு முன், இன்சர்ட் ஓட்டையில் ஒரு ஜாக்கைப் பத்துத் தடவை செருகிச் செருகி எடுங்கள். பாதிச் சனல்கள் அதிலேயே உயிர் பெறும். கொன்டாக்ட் கிளீனர் கொஞ்சம் ஜாக்கில் அடித்துச் செருகினால் இன்னும் நல்லது. சமையலறை எண்ணெய் வேண்டாம், தூசி ஒட்டும். எக்கோ இடது பக்கம் மட்டும் வந்து வலது வராவிட்டாலும், ஆக்ஸ் சென்டில் ஒலி அரைகுறையாகப் போனாலும் முதலில் இதையே செய்து பாருங்கள்.

விழா முடிந்து கழற்றும்போது பவர் அம்ப் முதலில், எக்கோப் பெட்டி அடுத்து, மிக்ஸர் கடைசி. போடும்போது மிக்ஸர் முதலில், பவர் அம்ப் கடைசி. ஜாக்குகளை உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டியின் பின்புறத்தையும் ஒரு தடவை துடைத்துவிட்டு மூடுங்கள். சூடாக இருக்கும் பெட்டியை இரவுப் பனியில் அப்படியே உறைக்குள் திணிக்க வேண்டாம், ஆறட்டும். போகிற வயருக்கு ஒரு நிற டேப்பும் வருகிற வயர்களுக்கு இன்னொரு நிற டேப்பும் சுற்றி வைத்தால், அடுத்த ஊரில் மிக்ஸரின் பின்னால் டோர்ச் பிடித்துக்கொண்டு நிற்கும் பையனுக்கு நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.